'இப்போது' என்றால் எப்போது?

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் பிகின் போட்டு, ஒன்றாகவே நிறைவேற வேண்டிய கட்டளைகளின் தொகுப்பான ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறங்கள். இப்போதைய நேரத்தைச் சொல்லும் நவ்() கேளுங்கள். 10:00:00 என்கிறது. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து, அதே டிரான்சாக்‌ஷனுக்குள் மறுபடி கேளுங்கள். அப்போதும் 10:00:00 தான்; மைக்ரோசெகண்ட்கூட நகர்ந்திருக்காது. கமிட் செய்து அதை முடித்த பிறகு கேட்டால்தான் புது நேரம் வரும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இதையே செய்து பார்த்தால், இரண்டாவது நவ்() டீ குடித்த நேரத்தையும் சேர்த்தே காட்டும்.

தரவுத்தளங்களின் பொது மொழியான எஸ்க்யூஎல்லின் தரநிலையில், நேரம் கேட்கும் கரண்ட்_டைம்ஸ்டாம்ப் இடம்பெற்றது 1992-இல். ஒரே ஸ்டேட்மென்டுக்குள், அதாவது ஒரே கட்டளைக்குள், எத்தனை முறை நேரம் கேட்டாலும் எல்லாவற்றுக்கும் ஒரே கணம்தான் பதிலாக வர வேண்டும் என்பது அதன் விதி. நள்ளிரவைத் தாண்டி ஓடும் ஓர் அப்டேட்டை நினைத்துப் பாருங்கள். கடிகாரம் இடையில் நகர்ந்தால் பாதி வரிசைகளில் நேற்றைய தேதியும் மீதியில் இன்றைய தேதியும் விழும். அதைத் தடுக்கத்தான் இந்த விதி. ஆனால் அந்த ஒரே கணம் எது என்பதைத் தரநிலை சொல்லவில்லை. ஸ்டேட்மென்ட் ஓடும்போது ஏதோ ஒரு கணம், அதைத் தரவுத்தளமே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

மைஎஸ்க்யூஎல் ஸ்டேட்மென்ட் தொடங்கிய கணத்தை எடுத்துக்கொண்டது. போஸ்ட்கிரெஸ் இன்னும் பின்னால் போய் டிரான்சாக்‌ஷன் தொடங்கிய கணத்தைப் பிடித்தது. சொல்லுக்குச் சொல் படித்தால் இது தரநிலையிலிருந்து விலகல்தான் என்பேன். ஆனாலும் காரணம் வலுவானது. ஒரு கணக்கில் பற்று, இன்னொன்றில் வரவு: இரண்டும் ஒரே நிகழ்வு என்றால் இரண்டிலும் ஒரே நேரம் இருப்பதுதானே நியாயம்?

ஓடும் கடிகாரமே வேண்டுமென்றால் மைஎஸ்க்யூஎல்லில் சிஸ்டேட்() இருக்கிறது. ஒரே செலக்டில் இரண்டு சிஸ்டேட்() எழுதி நடுவில் ஸ்லீப்(2) வைத்தால் இரண்டு விநாடி வித்தியாசம் தெரியும். நவ்() வைத்தால் தெரியாது. சிஸ்டேட்()-க்கு ஒரு விலை உண்டு. மதிப்பு மாறிக்கொண்டே இருப்பதால், அதை வைத்துத் தேடும் குவெரிக்கு, தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் உதவாது. ஆரக்கிள் தரவுத்தளத்திலோ சிஸ்டேட் என்பது சர்வரின் நேரம், கரண்ட்_டேட் என்பது இணைந்திருப்பவரின் நேர மண்டலத்தில் உள்ள நேரம். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் கரண்ட்_டைம்ஸ்டாம்ப் எப்போதும் யூடிசி என்ற உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் நிற்கும்.

இந்த வித்தியாசத்தை நான் உணர்ந்தது ஓர் இரவு வேலையில். போஸ்ட்கிரெஸில் மணிக்கணக்காக ஓடும் வேலை அது. எந்தப் படி நேரத்தைத் தின்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு படியின் தொடக்கத்தையும் முடிவையும் நவ்() கொண்டு பதிவு செய்தேன். காலையில் பார்த்தால் எல்லா வரிசையிலும் ஒரே நேரம். சோதனையில் இது தெரியவே இல்லை. அங்கே பிகின் போடாமல் ஒவ்வொரு படியாக ஓட்டியிருந்தேன். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு ஸ்டேட்மென்டும் தனி டிரான்சாக்‌ஷன். இரவிலோ முழு வேலையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருந்தது.

போஸ்ட்கிரெஸில் ஸ்டேட்மென்ட்_டைம்ஸ்டாம்ப்() என்றும் ஒன்று உண்டு. கிளையன்ட் கடைசியாக அனுப்பிய கட்டளை வந்து சேர்ந்த கணம் அது. என் படிகள் எல்லாம் ஒரே ஃபங்ஷனுக்குள் இருந்ததால் அதுவும் உறைந்தே நின்றிருக்கும். ஓடும் கடிகாரத்தையே காட்டும் கிளாக்_டைம்ஸ்டாம்ப்() என்று மாற்றினேன். மறுநாள் காலை, நேரத்தைத் தின்ற படி எதுவென்று பதிவே காட்டியது.