குழந்தைக்கு மலேரியா இல்லை, எடை மட்டும் குறைகிறது

ராமேஸ்வரம் தீவில் சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் மொள்ள மணலில் குழி தோண்டுவது உண்டு. கடலுக்கு அவ்வளவு பக்கத்திலும் அதில் நல்ல தண்ணீர் ஊறும். கடற்கரையில் ஏது மலேரியா என்று கேட்பவர்கள் அந்தக் குழியை எட்டிப் பார்க்கலாம்; மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுவின் புழு அதில் நெளியும். மாசமாக இருக்கும் பெண்ணை அந்தக் கொசு கடித்தால் விஷயம் காய்ச்சலோடு நிற்பதில்லை.

மலேரியாவில் பொல்லாதது பால்சிபாரம் வகை. அதன் ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் மண்ணீரல் பிடித்து அழித்துவிடும். அதனால் எங்காவது ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். கர்ப்பிணியிடம் அதற்கு வசதியான இடம் நஞ்சுக்கொடி. அங்கே காண்ட்ராய்டின் சல்பேட் ஏ என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. சிவப்பணு ஒட்டுவது இதில்தான் என்று 1996இல் கண்டுபிடித்தார்கள். வள்ளத்தின் அடியில் கொட்டலசு பிடிப்பதுபோல, ஒட்டுண்ணியின் வார்2சிஎஸ்ஏ என்ற புரதத்தைக் கொண்டு சிவப்பணு அதில் பிடித்துக்கொள்கிறது. விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல், நஞ்சுக்கொடி நிறைய ஒட்டுண்ணி இருக்கலாம்.

ஆப்பிரிக்காவில் தலைப்பிரசவத்தில்தான் பாதிப்பு அதிகம். அடுத்தடுத்த கர்ப்பங்களில் இந்தப் புரதத்துக்கு எதிர்ப்பு உண்டாகிவிடும். மலேரியா எப்போதாவது வரும் நம் பக்கத்தில் மூன்றாவது பிள்ளைக்கும் ஆபத்துதான்.

சரி, பிள்ளை ஏன் இளைக்கிறது? தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் கலப்பதில்லை; ஒட்டுண்ணி பெரும்பாலும் பிள்ளையைத் தொடுவதே இல்லை. கெடுதல் செய்வது தாயின் எதிர்ப்பு அணுக்கள். ஒட்டுண்ணியைத் தேடி அவை நஞ்சுக்கொடியில் கூட்டமாகக் குவிகின்றன. அழற்சி உண்டாகிறது, ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் நார் படிகிறது. குளுக்கோஸையும் அமினோ அமிலங்களையும் பிள்ளைக்குக் கடத்தும் வேலை மந்தமாகிறது. கூடவே தாய்க்கு ரத்தசோகை. கடைசியில் பிள்ளை 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கிறது, அல்லது மாதம் நிறையும் முன்பே பிறந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் அதிகம் காண்பது வைவாக்ஸ் வகை. அது நஞ்சுக்கொடியில் இப்படிக் குவிவதில்லை. அதற்காக லேசாக நினைக்க முடியாது: தாய்லாந்து எல்லையில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், வைவாக்ஸ் வந்த தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 107 கிராம் எடை குறைந்து பிறந்தார்கள். அப்புறம், வைவாக்ஸ் கல்லீரலில் பதுங்கிக் கிடக்கும். அதை அழிக்கும் பிரைமாகுயின் மாத்திரையைக் கர்ப்பிணிக்குக் கொடுப்பதில்லை. வயிற்றுப் பிள்ளையின் சிவப்பணுக்கள் உடையலாம் என்ற பயம். அவளுக்குக் கொடுக்கும் குளோரோகுயின் மாத்திரை ரத்தத்தில் இருப்பதைத்தான் ஒழிக்கும். ஐந்தாம் மாதம் குணமான மலேரியா எட்டாம் மாதம் திரும்பி வர, புதிதாக ஒரு கொசு கடித்திருக்க வேண்டும் என்பதில்லை.