பழைய ஆர்எக்ஸ்-8: திருத்துவதா, விற்பதா?

டொராண்டோவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அவரிடம் இருப்பது 2005-ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8, ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். காலையில் ஒழுங்காகக் கிளம்புகிறதாம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் பெட்ரோல் போட நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடுகிறது. "என்ஜினைத் திருத்தக் கார் விலைக்கு மேல கேக்கினம் அண்ணை. திருத்திறதோ, வித்துப்போட்டு வேற வாங்கிறதோ?" என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: கார் வாங்கிய நேரம் சரியில்லை என்று அம்மா சொல்கிறாராம்.

முதலில் அம்மாவுக்குப் பதில். நேரத்தின் மேல் பழி போட வேண்டாம். இந்த நோய்க்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு தகடு. அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை என்ஜினைப் பிரிக்காமலே அளந்துவிடலாம். சாந்தி செய்யும் செலவை அந்த அளவைக்குக் கொடுங்கள்.

சாதாரண என்ஜின் நமக்குத் தெரியும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகிறது, உறிஞ்சுகிறது, அமுக்குகிறது, வெடிக்கிறது, தள்ளுகிறது. ஆர்எக்ஸ்-8-இல் பிஸ்டன் கிடையாது. பக்கங்கள் சற்றே உப்பிய முக்கோண ரோட்டர் ஒன்று, நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள் சுற்றுகிறது. இப்படி இரண்டு ரோட்டர்கள். ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெலின் யோசனை இது. ரோட்டரின் மூன்று முகங்களும் கூட்டின் சுவரும் சேர்ந்து மூன்று அறைகளாகின்றன. ரோட்டர் சுற்றச் சுற்ற ஒவ்வோர் அறையும் விரிந்து சுருங்கி அதே நான்கு வேலையைச் செய்கிறது. ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் நடுத்தண்டு மூன்று சுற்றுச் சுற்றும்.

முக்கோணத்தின் மூன்று உச்சிகளிலும் காடி வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு தகட்டைச் செருகியிருப்பார்கள். இதுதான் அபெக்ஸ் சீல். ஓர் அறையின் காற்று பக்கத்து அறைக்குக் கசியாமல் காப்பது இதன் வேலை. பிஸ்டன் ரிங்குக்கும் அதே வேலைதான், ஆனால் ரிங்கின் வாழ்க்கை சொகுசானது. சிலிண்டர் சுவரில் அகலமாகச் சாய்ந்துகொண்டு எப்போதும் ஒரே கோணத்தில் நிற்கிறது. அபெக்ஸ் சீல் சுவரைத் தொடுவது ஒரு கோட்டில் மட்டும். அதுவும் நேராக நிற்க முடியாது. இந்த என்ஜினில் ரோட்டரின் மையத்திலிருந்து உச்சிவரை ஆரம் 105 மி.மீ., நடுத்தண்டின் மையத்திலிருந்து ரோட்டரின் மையம் தள்ளியிருக்கும் மைய விலகல் 15 மி.மீ. கணக்குப் போட்டால், ஒவ்வொரு சுற்றிலும் சீல் சுவர்மேல் இரண்டு பக்கமும் சுமார் 25 பாகை சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. நடுத்தண்டு நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றும்போது ரோட்டர் 3,000 சுற்று சுற்றும். அப்போது சீல் சுவரை உரசும் வேகம் வினாடிக்குச் சராசரி சுமார் 34.5 மீட்டர். மெதுவாகச் சுற்றும்போது அடியில் இருக்கும் ஸ்பிரிங்கும், வேகத்தில் பின்னால் புகும் வாயுவின் அழுத்தமும் அதைச் சுவரோடு அணைத்துப் பிடிக்கின்றன.

1961-இல் ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்திடமிருந்து இதற்கு உரிமம் வாங்கிய மாஸ்டா, முதல் என்ஜின்களை ஓட்டிப் பிரித்துப் பார்த்தபோது கூட்டின் சுவர் முழுக்க அலை அலையாகக் கீறல்கள். சீல் வழுக்கிச் செல்லாமல் அதிர்ந்து துள்ளிக்கொண்டே போயிருந்தது. பொறியாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'பிசாசின் நகக்கீறல்'. அங்கேயும் பிசாசு வந்துவிட்டது பாருங்கள், ஆனால் யாரும் பரிகாரம் தேடவில்லை. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் உட்கார்ந்தார்கள். சீலின் இயல்பான அதிர்வெண் மாறினால் துள்ளல் அடங்கும் என்று கண்டு, அதன் உடலில் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டுப் பார்த்தார்கள். பிறகு அலுமினியம் ஊட்டிய கார்பன் சீலுக்கு வந்தார்கள். 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. ஒரு கீறலின் பின்னால் ஒரு பட்டாளத்தையே சம்பளம் கொடுத்து அனுப்பிய நிறுவனம் அது. நம் ஊர் ஆய்வு நிதிக் குழுக்கள் அந்த விண்ணப்பத்தை இரண்டாம் வருடமே திருப்பி அனுப்பியிருக்கும் என்பது என் கட்சி.

சரி, தம்பியின் காருக்கு வருவோம். ஆறிய என்ஜினில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், சீல் ஓரங்களில் படிந்து சின்னக் கசிவை அடைத்துவிடும். சூடேறியதும் எண்ணெய் நீர்த்துவிடும். தேய்ந்த சீல் வழியாகக் காற்று நழுவும், அமுக்கம் போதாமல் கலவை பற்றாது. வேகமாகச் சுற்றும் புது ஸ்டார்ட்டர் மோட்டார் போட்டால் காற்று நழுவ நேரம் கிடைக்காது, கார் கிளம்பிவிடும். நோய் மட்டும் உள்ளேயே இருக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள், ஸ்டார்ட்டர் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அதனால் முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது அறைகளின் அமுக்கத்தை அளக்கும் சோதனை. ஆனால் வழக்கமான ஒர்க்‌ஷாப் கேஜ் இங்கே பொய் சொல்லும். அதிலுள்ள வால்வு, வந்ததில் பெரிய அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோட்டரின் மூன்று முகங்களும் ஒரே பிளக் துளையை மாறி மாறிக் கடப்பதால், மூன்று பிள்ளைகளில் நன்றாகப் படிக்கிறவனின் மார்க்கை மட்டும் வீட்டுக்கு அனுப்பும் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும். ரோட்டரி என்ஜினுக்கென்றே இருக்கும் கருவி ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகப் படிக்கும். இரண்டு ரோட்டர், ஆறு எண்கள். மெதுவாகச் சுற்றினால் கசிவு கூடுமென்பதால், எண்களை நிமிடத்துக்கு 250 சுற்று என்ற வேகத்துக்குச் சரிசெய்து பார்க்க வேண்டும். அந்த வேகத்தில் அழுத்தம் 830 கிலோபாஸ்கல் என்றால் நல்ல ஆரோக்கியம், 680-க்குக் கீழே போனால் ஆயுள் முடிந்தது என்று மாஸ்டாவின் கையேடு வைத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த எண்கள் எந்த உறுப்பு போயிற்று என்பதையும் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு சீலும் இரண்டு அறைகளுக்குப் பொதுச்சுவர். ஆகவே ஒரு சீல் மட்டும் கெட்டால், அடுத்தடுத்த இரண்டு முகங்கள் விழும், மூன்றாவது நிமிர்ந்து நிற்கும். மூன்றும் சேர்ந்தாற்போல் இறங்கியிருந்தால் பொதுவான தேய்மானம், அல்லது ரோட்டரின் இரு பக்கங்களிலும் உள்ள பக்கவாட்டுச் சீல்களில் கரி. கருவி கிடைக்காதவர்கள் ஒரு பிளக்கைக் கழற்றி, ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுக் காதால் கேட்கலாம். அப்படி மிதித்தால் பெட்ரோல் நின்றுவிடும், ஆனாலும் இக்னிஷனைத் துண்டித்துவிட்டே செய்யுங்கள். 'புஃப், புஃப், புஃப்' என்று சீராக வந்தால் நல்லது. 'புஃப், ஃபூ, ஃபூ' என்றால் மேலே சொன்ன கதை.

ஆறு எண்களும் நன்றாக இருந்தால் என்ஜினைத் தொடவே வேண்டாம். இந்தக் காரில் பிளக்கின் தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில்கள் சீக்கிரம் சோர்ந்துபோகும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அடைக்கும், சூடு ஏறும், அந்தச் சூடு சீல்களைத் தின்னும். காயில், பிளக், பேட்டரி மாற்றினால் பாதி வழக்கு முடிந்துவிடும். அப்புறம், பனி தள்ளுவதற்காக இரண்டு நிமிடம் காரை நகர்த்திவிட்டு உடனே அணைக்காதீர்கள். குளிரில் பெட்ரோல் கூடுதலாகப் பாயும். சீலில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். எண்ணெய் குறைகிறதே என்றும் பதறாதீர்கள். சீலுக்காக அதை உள்ளே தெளித்து எரிப்பதுதான் இந்த என்ஜினின் வடிவமைப்பு. பழைய ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் பங்கில் டூ-டி ஆயில் கலந்து ஊற்றியவர்களுக்கு இது புதிதல்ல.

எண்கள் விழுந்திருந்தால் பாதி வைத்தியம் கிடையாது. பிஸ்டன் என்ஜினில் ஹெட்டை இறக்கி வால்வு பார்க்கலாம். இது ரொட்டித் துண்டுகளை அடுக்கி நீளமான போல்ட்டுகளால் இறுக்கியதுபோன்ற என்ஜின், ஒரு சீலுக்காக முழுவதையும் வெளியே எடுத்துப் பிரித்தாக வேண்டும். பிரித்தபின் சுவரின் குரோமியப் பூச்சு உரிந்திருந்தால் கூட்டையும் மாற்ற வேண்டும். செலவு காரின் விலையைத் தாண்டுவது இங்கேதான். ஆனால் 'கார் விலைக்கு மேல்' என்பதே தவறான ஒப்பீடு என்று நினைக்கிறேன். அந்தப் பணத்துக்கு இப்படி 9,000 சுற்று பாடும் வேறு எந்தக் கார் கிடைக்கும் என்று பாருங்கள். அப்புறம் காரின் அடியில் படுத்துப் பாருங்கள். கனடாச் சாலை உப்பு இருபது வருடம் தின்ற சட்டகம் என்றால் நான் திருத்த மாட்டேன். என்ஜினைக் கட்டித்தர ஆள் உண்டு, துருப்பிடித்த அடிப்பாகத்தைப் புதிதாக ஊற்றித்தர ஆளில்லை.

நேற்றுத் தம்பியிடமிருந்து எண்கள் வந்தன. முன் ரோட்டர் 740, 750, 730. பின் ரோட்டர் 720, 560, 550. அம்மாவிடம் சொல்லிவிட்டாராம், ஒரே ஒரு சீல்தான் என்று. அடிப்பாகத்தின் படம் இன்னும் வரவில்லை.