டி.டி.பி. என்பது மின்நுகர்வு அல்ல

பழைய மினி லேப்டாப்களின் தமிழ் விவரப் பட்டியல்களில் ப்ராசசருக்கு நேராக "வெப்ப வடிவமைப்பு சக்தி: 2.5 வாட்" என்றொரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. வாசகருக்குப் புரியட்டும் என்று நினைப்பவர்கள் அதையே "மின்நுகர்வு: 2.5 வாட்" என்று மாற்றிவிடுகிறார்கள். முதலாவது யாருக்கும் புரிவதில்லை, இரண்டாவது தப்பாகப் புரிகிறது. இரண்டையுமே விட்டொழிக்க வேண்டும் என்பது என் கட்சி.

மூலத்தில் மூன்று ஆங்கிலச் சொற்கள்: தெர்மல் டிசைன் பவர். கடைசிச் சொல்லை 'பாயின்ட்' என்று விரிப்பவர்களும் உண்டு. முதலெழுத்துகள் சேர்ந்து டி.டி.பி. ப்ராசசர் கனமான வேலைகளைத் தொடர்ந்து செய்யும்போது இவ்வளவு வெப்பம் வரும், ஹீட் சிங்க்கும் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) ஃபேனும் அதை வெளியேற்றியாக வேண்டும் என்று தயாரிப்பாளர் தரும் கணக்கு அது. போர்டும் கேபினட்டும் செய்பவர்களுக்காக எழுதப்பட்டது. ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். ஆக, 2.5 வாட் என்றால் நொடிக்கு 2.5 ஜூல் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும்.

"சில்லுக்குள் போகிற மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தானே மாறுகிறது? அப்புறம் மின்நுகர்வு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ப்ராசசர் சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரம் இந்த எண்ணைவிட மிகக் குறைவு. ஒரு கணம் வேலை உச்சத்துக்குப் போனால் இந்த எண்ணைத் தாண்டியும் இழுக்கும். அந்தச் சில கணச் சூட்டை ஹீட் சிங்க்கின் உலோகம் வாங்கிக்கொள்ளும் என்பதால் அது கணக்கில் சேருவதில்லை. டி.டி.பி. உச்சபட்ச மின்சாரம் அல்ல என்று இன்டெல்லே தன் தொழில்நுட்ப ஏடுகளில் எழுதியிருக்கிறது. ஆக, கரண்ட் பில்லுக்கும் இது உதவாது, பவர் சப்ளை வாங்கவும் உதவாது.

இந்தத் தப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2008இல் வந்த மினி லேப்டாப் ப்ராசசரான 'இன்டெல் ஆட்டம் என்270' நல்ல உதாரணம். 1.6 கிகாஹெர்ட்ஸ், டி.டி.பி. 2.5 வாட். 48 வாட்-மணி பேட்டரி என்று வைத்துக்கொண்டு, 'மின்நுகர்வு 2.5 வாட்' என்பதை நம்பி வகுத்தால் 19 மணி நேரம் ஓட வேண்டும். ஆறேழு மணி நேரம் ஓடினாலே பெரிது. திரையும் டிஸ்க்கும் ஒரு பக்கம் இழுக்கின்றன என்றால், ப்ராசசரை நினைவகத்தோடும் திரையோடும் இணைக்கக் கூடவே வந்த 945ஜிஎஸ்இ சிப்செட்டின் டி.டி.பி. மட்டும் 6 வாட், இன்னொரு துணைச் சில்லுக்கு 3.3 வாட். ப்ராசசரோடு சேர்த்து மூன்று சில்லுகளையும் கூட்டினால் 11.8 வாட். அதில் ப்ராசசரின் பங்குதான் ஆகக் குறைவு!

டெஸ்க்டாப்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆட்டம் 230 பொருத்திய இன்டெல்லின் டி945ஜிசிஎல்எஃப் போர்டில் ப்ராசசர் மேல் ஃபேன் கிடையாது, சின்ன ஹீட் சிங்க் மட்டும்தான். ஃபேன் சுற்றுவது பக்கத்திலிருக்கும் சிப்செட்டின் மேல். ப்ராசசருக்கு 4 வாட்டை வெளியேற்றினால் போதும், அதிகச் சூடு சிப்செட்டில். எந்தச் சில்லுக்கு எவ்வளவு குளிர்விப்பு என்று சொல்வதுதான் இந்த எண்ணின் வேலை.

சரி, 'வெப்ப வடிவமைப்பு சக்தி'க்கு வருவோம். அகராதியைத் திறந்து மூன்று சொல்லுக்கு மூன்று சொல் வைத்தால் இப்படித்தான் வரும். தமிழில் படிப்பவர் வெப்பத்தை யாரோ வடிவமைக்கிறார்கள் என்று நினைப்பார். 'சக்தி' அதைவிட மோசம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வாட் கணக்கில் அளப்பது திறன், ஜூல் கணக்கில் அளப்பது ஆற்றல். இலங்கைப் பாடநூல்களில் முன்னது வலு, பின்னதுதான் சக்தி. ஆகவே, யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்த பிள்ளை 'சக்தி: 2.5 வாட்' என்பதைப் பார்த்தால், அலகையே தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கும். 'வெப்ப வடிவமைப்புத் திறன்' என்று திருத்தினால், வடிவமைப்பதில் கெட்டிக்காரத்தனம் என்று தொனிக்கிறது. 'வெப்ப வரம்பு' என்றும் ஒரு பரிந்துரை உண்டு. அது வெப்பநிலையோடு குழம்பும்: என்270இன் உள்வெப்பநிலைக்கு 90 டிகிரி செல்சியஸ் என்று தனியாகவே ஒரு வரம்பு இருக்கிறது.

சுருக்கத்தை அப்படியே 'டி.டி.பி.' என்று வைத்துக்கொள்ளலாமே என்றால், கடன்சொல்லில் எனக்குப் பகை இல்லை. ப்ராசசரை ப்ராசசர் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் ஜெராக்ஸ் கடைப் பலகைகளில் 'டி.டி.பி.' என்றால் டெஸ்க்டாப் பப்ளிஷிங், அதாவது பக்க வடிவமைப்பும் தட்டச்சும். ஆங்கிலத்தில் எழுத்து வரிசை வேறு, தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால்தான் இங்கே தனித் தமிழ்ச்சொல் அவசியமாகிறது, தூய்மைக்காக அல்ல.

என் பரிந்துரை 'வெப்பநீக்கத் தேவை'. 'வெப்பநீக்கத் தேவை: 2.5 வாட்' என்று படித்தவுடன், நீக்க வேண்டியது வெப்பம், அதன் அளவு இவ்வளவு என்று புரிகிறது. 'டிசைன்' எங்கே போயிற்று என்பார்கள். 'தேவை'க்குள் இருக்கிறது, தேவையைச் சொல்வது வடிவமைப்பவருக்குத்தானே!

தயாரிப்பாளர்களும் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறார்கள். இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டி 2007இல் சர்வர்களுக்கான தன் ஆப்டெரான் ப்ராசசர்களுக்கு 'சராசரி சிபியு பவர்' என்று தனியாக ஓர் எண் கொடுத்தது. இன்டெல் 2021இல் 12ஆம் தலைமுறை ப்ராசசர்களோடு டி.டி.பி.யை விட்டுவிட்டு 'பேஸ் பவர்', 'டர்போ பவர்' என்று பிரித்தது. மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாவற்றுக்கும் 'மின்சக்தி' என்றே போட்டால் வாசகர் எதை எதோடு ஒப்பிடுவார்? 2013இல் வந்த இன்டெல்லின் ஒய் வரிசை ஐ7 ப்ராசசருக்கு 13 வாட், 7 வாட் என்று இரண்டு எண்கள். இரண்டாவது டேப்லெட் போல இலகுவாகப் பயன்படுத்தும்போது. பட்டியலில் இப்படி எழுதலாம்: 'வெப்பநீக்கத் தேவை 13 வாட், இலகு பயன்பாட்டில் 7 வாட்'.