ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்: கிட் என்ன செய்கிறது?

“எங்கள் கிட் ரெப்போவை லினக்ஸில் இறக்கினால் ‘கொடி’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள் வருகின்றன. மேக்கில் ஒன்றுதான். எது சரி?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். (கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருள்; ரெப்போ அதன் களஞ்சியம்.)

கிட் தகவல்களைச் சில வகைப் பதிவுகளாகச் சேமிக்கிறது. இங்கே ட்ரீயை மட்டும் பார்த்தால் போதும். ஒரு கோப்புறையில் இருப்பவற்றின் பட்டியல் அது: அனுமதி எண், பெயர், ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்). அந்தப் பெயரை கிட் படிப்பதில்லை, பைட் பைட்டாக ஒப்பிடுகிறது.

‘கொ’வை எடுத்துக்கொள்வோம். எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றைப் போடலாம். அல்லது எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்துப் போடலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அந்தக் குறியீடுகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். கிட்டின் கண்ணுக்கு இவை வெவ்வேறு பெயர்கள். லினக்ஸும் பைட்டைத்தான் பார்க்கும், அதனால் இரண்டையும் காட்டுகிறது. மேக்கின் கோப்பு முறையான ஏபிஎஃப்எஸ் இரண்டையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்வதால், ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்படுகிறது. உள்ளடக்கம் வேறாக இருந்தால், யாருமே தொடாத கோப்பு ‘மாற்றப்பட்டது’ என்று, மாற்றங்களைக் காட்டும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கட்டளையில் வந்து நிற்கும்.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வந்தது? 1998-ல் வந்த மேக்கின் பழைய கோப்பு முறை எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அந்தக் காலத்து மேக்கிலிருந்து வந்த கோப்பாக இருக்கலாம். 2012 முதல் மேக்கில் இதைச் சேர்த்து எழுத கிட்டில் ‘கோர்.ப்ரீகம்போஸ்யூனிகோட்’ என்ற அமைப்பு இருக்கிறது.

இதற்காக ‘ஆங்கிலத்திலேயே பெயர் வையுங்கள்’ என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்க் கணிமைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட சலிப்பான சோதனை வேலைக்கும் போக வேண்டும்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? கோப்புகளைப் பட்டியலிடும் ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ கட்டளை தமிழ்ப் பெயரை எண்களாகக் கொட்டும். பலர் எரிச்சலில், இப்படி எண்ணாக்கும் ‘கோர்.குவோட்பாத்’ அமைப்பை அணைத்துவிடுவார்கள். இப்போதைக்கு அணைக்காதீர்கள், உங்களுக்கு வேண்டியதே அந்த எண்கள்தான். சேர்ந்த ‘கொ’ \340\256\225\340\257\212 என்று வரும். பிரிந்தது \340\256\225\340\257\206\340\256\276.

முதலில் இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டு, விட்டுப்போன திருத்தங்களைச் சேர்ந்த பெயருள்ள கோப்பில் சேருங்கள். அப்புறம் லினக்ஸிலேயே பிரிந்ததை ‘கிட் ஆர்எம்’ கொண்டு நீக்குங்கள். கீபோர்டில் தட்டினால் எந்த வடிவம் விழும் என்று சொல்ல முடியாது. லினக்ஸில் கட்டளைகளைத் தட்டும் பாஷில் டாலர் குறி போட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் அந்தப் பெயரின் எண் வரிசை முழுவதையும் ஒட்டினால் சரியான கோப்பு மட்டும் நீங்கும்.