நல்ல சோளத்தை ஏன் நாறவிடுகிறார்கள்?

டெக்சாஸில், சான் அன்டோனியோ நகருக்கு வெளியே குடியிருக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பக்கத்துப் பண்ணைக்காரர் மூட்டை மூட்டையாக மக்காச்சோளம் வாங்குகிறார். பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மூடி, வெயிலில் வைத்துவிடுகிறார். ஒரு வாரத்தில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறக்க முடியவில்லை. கேட்டால் காட்டுப்பன்றி வேட்டைக்காம். நல்ல சோளத்தையே பன்றி தின்னுமே, அதை ஏன் நாறவிட வேண்டும்?"

அருமையான கேள்வி. பதிலில் பாதி அந்த டிரம்முக்குள் இருக்கிறது, மீதி பன்றியின் மூக்குக்குள்.

அமெரிக்காவில் பன்றி மண்ணின் விலங்கு அல்ல. கொலம்பஸ் 1493-இல் தன் இரண்டாவது பயணத்தில் கரீபியன் தீவுகளுக்குப் பன்றிகளைக் கொண்டுபோனார். 1539-இல் எர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் ஒரு கூட்டத்தோடு இறங்கினார். தப்பி ஓடியவை காடேறின. பிற்காலத்தில் வேட்டைப் பிரியர்கள் ஐரோப்பியக் காட்டுப்பன்றியையும் இறக்குமதி செய்தார்கள். இரண்டும் ஒரே இனம் என்பதால் தாராளமாகக் கலந்தன. இன்று அந்த நாட்டில் சுமார் 60 லட்சம் பன்றிகள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். டெக்சாஸில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். ஒரு கூட்டம் ஓர் இரவு வயலில் இறங்கினால் காலையில் டிராக்டர் ஓட்டியது போலக் கிடக்கும். அதனால்தான் டெக்சாஸில் 2019 முதல், தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதித்தால் பன்றி வேட்டைக்கு உரிமம்கூடத் தேவையில்லை. நம் ஊர்க் காட்டுப்பன்றி இங்கேயே பிறந்து வளர்ந்த விலங்கு. வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, தன் விருப்பத்துக்கு வேட்டையாடினால் குற்றம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சரி, டிரம்மைத் திறப்போம்.

காய்ந்த மக்காச்சோள மணியைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். அநேகமாக ஒன்றும் தெரியாது. மணம் என்பது காற்றில் பறந்துவந்து மூக்கில் விழும் மூலக்கூறு. மாவுச்சத்து ஆயிரக்கணக்கான சர்க்கரை அலகுகள் கோத்த சங்கிலி, அதனால் பறக்க முடியாது. ஆக, உலர்ந்த சோளம் தரையில் கொட்டிக் கிடந்தாலும், "இங்கே சாப்பாடு இருக்கிறது" என்று தூரத்தில் இருப்பவனுக்குச் சொல்ல அதனிடம் ஆளில்லை. அந்த ஆட்களைத் தயாரிக்கும் பட்டறைதான் டிரம்.

சோளத்தின் தோலிலேயே ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒட்டியிருக்கின்றன. இட்லி மாவு புளிக்க யாரும் கிருமி வாங்கி ஊற்றுவதில்லையே, அதே கதைதான். மணிகள் ஊறி உப்பும்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நொதிகள் விழித்துக் கொஞ்சம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் விடுகிறது. இரண்டு மூன்று நாளில் மேலே நுரை கட்டும், குமிழ்கள் மெல்ல வெடிக்கும். நம் ஊரில் போலீசார் குழி தோண்டி அழிக்கிறார்களே சாராய ஊறல், கிட்டத்தட்ட அதுதான் இந்த நிலை. கூடவே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பை ஏற்றுகின்றன.

இங்கே ஒரு நுணுக்கம். லாக்டிக் அமிலம் நாக்குக்குப் புளிக்கும், ஆனால் மூக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. அதில் கூடுதலாக ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. அது கை நீட்டித் தண்ணீரையும் பக்கத்து மூலக்கூறுகளையும் பிடித்துக்கொள்வதால் எளிதில் ஆவியாகாது. அடுத்து வருவதுதான் தெருவையே நாறடிக்கிறது. டிரம்முக்குள் காற்று தீர்ந்ததும், ஆக்சிஜனே வேண்டாத கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைப் பியூட்டிரிக் அமிலமாக மாற்றுகின்றன. நாலே கார்பன் அணு கொண்ட சின்ன மூலக்கூறு. கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் இதனுடையது, வாந்தியின் நாற்றத்திலும் இதற்குப் பங்கு உண்டு. வெளியூர் போய்விட்டு ஐந்தாம் நாள் வந்து, மறந்துபோன மாவுப் பாத்திரத்தைத் திறந்த அனுபவம் எனக்கு உண்டு. முதலில் வந்தது பழகிய புளிப்பு, அதன் பின்னாலேயே தொண்டையைப் பிடிக்கும் இன்னொரு வாடை. மூடியை மறுபடி வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே பிடித்த இடம் இனிமேல்தான். டிரம்மில் இப்போது ஆல்கஹாலும் இருக்கிறது, அமிலங்களும் இருக்கின்றன. இரண்டும் இணைந்தால் எஸ்டர் பிறக்கும் என்று பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். எத்தில் ஆல்கஹாலும் பியூட்டிரிக் அமிலமும் சேர்ந்தால் எத்தில் பியூட்டிரேட். அதன் மணம் அன்னாசிப்பழம்! வாந்தி நாற்றமும் அன்னாசி மணமும் ஓர் எத்தில் தொகுதி தூரத்தில்தான் இருக்கின்றன. டெக்சாஸ் வேட்டைக்காரர்கள் பலர் ஊறல் சோளத்தில் ஸ்ட்ராபெர்ரி வாசனையுள்ள ஜெல்லிப் பொடியைக் கொட்டிக் கலப்பார்கள். கேட்டால் "பன்றிக்குப் பிடிக்கும்" என்பார்கள். செயற்கைப் பழ வாசனைகளில் எத்தில் பியூட்டிரேட் வழக்கமான சரக்கு. ஒருவர் கடையில் வாங்கிக் கொட்டுகிறார், இன்னொருவர் வெயிலில் வைத்துத் தயாரிக்கிறார். மூலக்கூறு ஒன்றுதான்.

இனி மூக்கு.

பன்றியின் முழு மரபணுத் தொகுப்பு 2012-இல் வெளியானபோது எல்லோரும் வியந்தது அதன் மோப்ப மரபணுக்களைப் பார்த்துத்தான். மொத்தம் 1,301 இருந்தன, அவற்றில் 1,113 வேலை செய்பவை. மனிதருக்கு வேலை செய்பவை சுமார் 400. ஒவ்வொரு மரபணுவும், மண மூலக்கூறு சாவி போல வந்து பொருந்தும் ஒரு வகைப் பூட்டைச் செய்கிறது. மூக்கின் உட்சுவரில் இருக்கும் ஒவ்வொரு மோப்ப நரம்பணுவும் ஒரே ஒரு வகைப் பூட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991-இல் கண்டுபிடித்தார்கள். 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஒரு மணத்துக்கு ஒரு பூட்டு என்ற கணக்கு இங்கே கிடையாது. ஒரு மூலக்கூறு பல பூட்டுகளைக் கூடவோ குறையவோ அசைக்கும். எவையெவை சேர்ந்து அசைந்தன என்ற பட்டியல்தான் மணம். எழுத்து போலத்தான். க, ட, ல் சேர்ந்தால் கடல். கடைசி எழுத்து மட்டும் ன் ஆனால் கடன். மூன்றில் ஒன்று மாறினாலும் பொருளே வேறு. 400 எழுத்து வைத்திருக்கும் நாம் டிரம்மைத் திறந்ததும் "நாற்றம்" என்ற ஒரே சொல்லைப் படிக்கிறோம். 1,100 எழுத்து வைத்திருக்கும் பன்றி அதே காற்றில் ஒரு முழுப் பக்கத்தைப் படிக்கிறது என்று நினைக்கிறேன். அதன் சாப்பாடு மண்ணுக்கடியில் கிடக்கும் கிழங்கு, புழு, உதிர்ந்து அழுகிய பழம், செத்த விலங்கு. அழுகல் வாடை அதற்குச் சமையலறை வாடை. அதனால்தான் சிலர் இரண்டு மூன்று அடி ஆழத்துக்குக் குறுகலான குழி தோண்டி, ஊறலை உள்ளே கொட்டுகிறார்கள். பன்றியின் மூஞ்சி நுனியில் தட்டையான வட்டுக்கு ஆதாரமாகத் தனியே ஓர் எலும்பு இருக்கிறது. மோந்தபடியே மண்வெட்டி போலத் தோண்டும். கடைசி மணி கிடைக்கும்வரை இடத்தை விட்டு நகராது.

பன்றி மூக்கைப் பற்றிப் பேசும்போது டிரஃபிள் கதையை விட முடியாது. ஐரோப்பாவில் ஓக் மர வேர்களோடு மண்ணுக்கடியில் விளையும், தங்க விலை விற்கும் காளான் அது. முன்பெல்லாம் பெண் பன்றியைக் கயிற்றில் பிடித்துப்போய் அதைத் தேடுவார்கள். ஆண் பன்றியின் எச்சிலில் ஆண்ட்ரோஸ்டீனால் என்ற பொருள் இருக்கிறது. அதே பொருள் டிரஃபிளிலும் இருப்பதாக 1981-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவ்வளவுதான், மண்ணுக்குள் ஆண் துணை இருக்கிறது என்று நம்பித்தான் பன்றி தோண்டுகிறது என்ற கதை உலகெங்கும் பரவிவிட்டது. 1990-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் செய்தது மிக எளிய வேலை. டிரஃபிளை ஓரிடத்தில் புதைத்தார்கள், ஆண்ட்ரோஸ்டீனாலை ஓரிடத்தில், டிரஃபிளின் மணத்தில் உள்ள டைமெத்தில் சல்ஃபைடை ஓரிடத்தில். பன்றி டிரஃபிளையும் சல்ஃபைடையும் தோண்டியது. ஆண்ட்ரோஸ்டீனாலைக் கண்டுகொள்ளவே இல்லை. காதல் கதை போய்ச் சாப்பாட்டுக் கதை ஆனது. வேகவைத்த மக்காச்சோளக் கதிரிலிருந்து நீராவியோடு எழும் மணம் இருக்கிறதே, அதிலும் முக்கியப் பங்கு இந்த டைமெத்தில் சல்ஃபைடுக்குத்தான்.

மூன்று குழி, ஒரு பன்றி. இவ்வளவு குறைந்த செலவில் ஒரு கதையைச் சோதிக்க முடியும்போது, ஆண் பன்றியை இழுக்கும் பெண் பன்றி வாடை என்று வேட்டைக்காரர்களுக்குப் புட்டியில் அடைத்து விற்பதைச் சோதனை இல்லாமல் காசு கொடுத்து வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. விற்பவர் காட்டட்டும், பிறகு வாங்கலாம்.

வாசகரின் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு, அதுதான் முக்கியமானது. டெக்சாஸில் நல்ல சோளத்தைக் கொட்டினால் மானும் ரக்கூனும் பறவைகளும் முதலில் வந்து தீர்த்துவிடும். புளித்து நாறும் சோளத்தை மான் பெரும்பாலும் தொடாது. நாற்றம் அழைப்பாகவும் வேலை செய்கிறது, வாசலில் நின்று ஆள் பார்த்து விடும் காவலாகவும் வேலை செய்கிறது. ஆனால் சோளம் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காற்றில் பூஞ்சை பிடிக்கும், சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தது அந்த நஞ்சு கலந்த கடலைப் பிண்ணாக்கால்தான்.

அப்புறம், ஊறலைச் சுற்றிக் கூண்டு வைத்தாலும் வந்த பன்றி உடனே மாட்டிக்கொள்ளாது. புது வேலி, புதுக் கதவு என்றால் வெளியே நின்று மோந்துகொண்டே இருக்கும். காட்டுப்பன்றி பொறியின் குறுகிய வழிக்குள் நுழையும் நேரத்தில் பக்கத்தில் பல்லி கத்த, மெல்ல மெல்லப் பின்வாங்கித் தன் கல்முழைக்குத் திரும்பிவிடுவதாகச் சங்கப் பாட்டு ஒன்று சொல்கிறது. பின்வாங்கும் அந்த நடையை யாரோ கண்ணால் பார்த்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. காரணத்தைத்தான் சகுனத்திடம் கொடுத்துவிட்டார்கள். பொறியைத் தொட்டுக் கட்டிய கைகளின் வாடை அங்கே இருந்திருக்கும். இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் பல்லி விழும் பலன் பார்த்து நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் கதவைத் திறந்தே வைத்து, பல நாள் ஊறல் போட்டுப் பழக்குகிறார்கள். கேமராவில் முழுக்கூட்டமும் உள்ளே தெரிந்தால்தான் கதவை இறக்குவார்கள். பாதி தப்பினால் அந்தப் பாதி பாடம் படித்துவிடும். ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு பன்றிகளை அகற்றினால்தான் எண்ணிக்கை ஏறாமலாவது நிற்கும் என்பது டெக்சாஸ் கணக்கு. இரையில் வந்த ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறும், வேறிடத்தில் பெருகும். மிசௌரி மாநிலம் 2016-இல் தன் இயற்கைவளப் பாதுகாப்புத் துறை நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்தது இதனால்தான். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கியோடு காத்திருப்பதைவிடக் கூண்டு வைப்பது நல்லது.

நம் பக்கம் இதே பன்றிக்காக வைக்கப்படும் இரைக்கு அவுட்டுக்காய் என்று பெயர். தின்னும் பொருளுக்குள் வெடிமருந்து. அந்த மணம் யாரையும் ஆள் பார்த்து அழைப்பதில்லை, யானைக்கும் அதே அழைப்புதான். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணி யானை வெடி பொதித்த உணவைக் கடித்து, வாய் சிதைந்து, தின்ன முடியாமல் அலைந்து, வெள்ளியாற்றில் துதிக்கையைத் தண்ணீருக்குள் வைத்தபடி நின்றே இறந்தது.

விளைந்ததைப் பறிகொடுக்கும் விவசாயிக்கு வேறு வழி கொடுக்க வேண்டியது ஆராய்ச்சியின் வேலை. சுற்றிலும் பழைய சேலை கட்டுகிறார்கள், சலூனிலிருந்து முடி வாங்கிவந்து வரப்பில் தூவுகிறார்கள். முடியின் வாடை பன்றியை எத்தனை நாள் தள்ளி வைக்கிறது, மழை பெய்தால் என்ன ஆகிறது என்று மாவட்டத்துக்கு மாவட்டம் சோதிக்கப் பெரிய பணம் தேவையில்லை. முடி தூவிய வரப்பு ஒரு பக்கம், தூவாத வரப்பு ஒரு பக்கம், இரண்டையும் பார்த்தபடி இரவில் படமெடுக்கும் ஒரு கேமரா. ஒரு போகத்துக்குள் பதில் கைக்கு வந்துவிடும்.