கைப்பேசியில் வந்த முக நினைவு மதிப்பெண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

அண்மையில் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஆசிரியை ஒருவர், மாணவிகளைக் கடைத்தெருவில் பார்த்தால் யாரென்று தெரிவதில்லை என்ற கவலையில், இணையத்தில் தாமே செய்துபார்த்த முக நினைவுச் சோதனையின் முடிவைக் காட்டினார். 72க்கு 41. “எனக்கு மூளையில் ஏதாவது கோளாறா, மேடம்?” என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது.

அவர் செய்தது, உளவியல் ஆய்வாளர்கள் டுஷேனும் நாகயாமாவும் 2006இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் முக நினைவுச் சோதனை. ஆறு முகங்களை மனத்தில் பதித்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியிலும் மூன்று முகங்களுள் தெரிந்ததைச் சுட்ட வேண்டும். போகப்போக ஒளியும் கோணமும் மாறும். கடைசி 24 படங்கள் புள்ளிகள் தூவிக் கலங்கியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 72இல் ஏறக்குறைய 24 கிடைக்கும். முதலில் சோதிக்கப்பட்ட 50 பேரின் சராசரி 57.9, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு) 7.9, ஆகவே சராசரிக்கு இரண்டு திட்ட விலக்கம் கீழே வரும் 42ஐ ஒட்டிய மதிப்பெண் கவனிக்கத்தக்க அளவு குறைவானதே.

இணையத்தில் எடுத்தது என்பதற்காக அதை ஒதுக்கிவிட முடியாது. லாரா ஜெர்மைனும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஊதியமோ மேற்பார்வையோ இன்றி இணையத்தில் பங்கேற்றவர்களின் சராசரியும் பரவலும் நம்பகத்தன்மையும் ஆய்வகத் தரவுகளோடு ஒத்துப்போயின. புதிய முகங்களைக் கற்கும் திறன் முப்பது வயதைத் தாண்டிய பிறகே உச்சம் தொடுகிறது என்பதை அவர்கள் 2011இல் 60,000க்கும் மேற்பட்டோரின் தரவிலிருந்து கண்டறிந்தார்கள். அத்தனை பேரை ஓர் ஆய்வகத்துக்கு வரவழைப்பது நடக்கிற காரியமல்ல.

ஆனால் அந்த ஒப்புமை கூட்டத்துக்கு உரியது. ஆயிரக்கணக்கானோரின் சராசரியில் ஒருவருடைய தூக்கக் கலக்கம் கரைந்துபோகும். அந்த ஒருவரின் மதிப்பெண்ணிலோ அது அப்படியே தங்கிவிடும். ஆய்வகத்தில் திரையின் தூரத்தையும் வெளிச்சத்தையும் நாங்கள் அமைக்கிறோம். கண்ணாடி அணிந்திருக்கிறாரா, விதிமுறை புரிந்ததா என்று பார்த்த பிறகே தொடங்குகிறோம். இந்த ஆசிரியையோ விடைத்தாள்களைத் திருத்திக் களைத்த இரவில், சிறிய திரையில் செய்திருந்தார். பதற்றத்தில் மறுநாளும் செய்துபார்த்திருந்தார். அந்த ஆறு முகங்களும் பழகிவிட்டதால், அதே சோதனையை என் அறையில் முறையாக வைக்க வழியில்லாமல் போனதுதான் எனக்கு உண்மையான வருத்தம்.

இன்னொன்று, அதிலுள்ள முகங்கள் அனைத்தும் தலைமுடி மறைக்கப்பட்ட வெள்ளையின இளைஞர்களுடையவை. தம் இனத்தவரின் முகங்களே நினைவில் எளிதாக நிற்கும் என்பதை மால்பாசும் கிராவிட்சும் 1969இலேயே சோதனையில் காட்டிவிட்டார்கள். நம் ஊர் முகங்களையே பார்த்து வளர்ந்தவரை மேலைநாட்டுச் சராசரியோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது.

ஆகவே அவரிடம் வீட்டாரை முகத்தால் அறிகிறாரா குரலால் அறிகிறாரா, இது சிறுவயது முதலே உள்ளதா என்றுதான் நெடுநேரம் விசாரித்தேன். சோதனை செய்ய விரும்புவோர் ஓய்வான நேரத்தில், பெரிய திரையில், ஒரே ஒரு முறை செய்யுங்கள். செய்த சூழலையும் குறித்துக் கொண்டுவாருங்கள். தெரிந்த முகங்கள் திடீரென்று அடையாளம் தெரியாமல் போனால் மட்டும் எந்தச் சோதனைக்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்று நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.