பழைய புகைபோக்கியில் புதிய விறகு அடுப்பு

உதகையிலும் குன்னூரிலும் உள்ள ஆங்கிலேயர் காலத்து பங்களாக்களில், திறந்த கணப்பை மூடிவிட்டுக் கதவு வைத்த இரும்பு விறகு அடுப்பைப் பொருத்தித் தரச் சொல்பவர்கள், சுவரில் ஏற்கெனவே இருக்கும் துளையைக் காட்டி, அதில் குழாயைச் செருகினால் போதும் என்கிறார்கள். அந்தத் துளையை விட, அதற்குப் பின்னால் மேலே செல்லும் புகைவழியைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

திறந்த கணப்பு அறையின் காற்றையும் வெப்பத்தையும் வாரிக்கொண்டு போவதால் அதற்கு அகலமான புகைவழி தேவைப்பட்டது. இரும்பு அடுப்போ வெப்பத்தை அறையிலேயே நிறுத்திக்கொண்டு, குறைந்த அளவு புகையையே அனுப்புகிறது. அகன்று குளிர்ந்து கிடக்கும் புகைவழியில் அப்புகை தயங்கி, ஆறி, கிரியோசோட் என்னும் தாராகச் சுவரில் படிகிறது. ஒருநாள் பற்றிக்கொள்வது இந்தப் படிவுதான். அடுப்பின் 6 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 28 சதுர அங்குலம். 9-க்கு 14 அங்குலப் புகைவழியின் பரப்போ 126, அதாவது நாலரை மடங்கு. வீட்டுக்குள்ளேயே எழும் புகைபோக்கியானாலும் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்கத் தரவிதியான என்.எஃப்.பி.ஏ. 211. அடுப்பிலிருந்து உச்சிவரை துருப்பிடிக்காத எஃகு உட்குழாயை இறக்குவதே இதற்குத் தீர்வு; செலவைக் கேட்டதும் பலர் பின்வாங்குவதும் இங்கேதான்.

குன்னூரில் ஒரு வீட்டில் அடுப்பை இணைக்கும் முன் துளையருகே காகிதத்தைக் கொளுத்திப் பார்த்தபோது, அடுத்த அறையில் பலகை அடித்து மூடியிருந்த பழைய கணப்பின் இடுக்குகள் வழியே புகை கசிந்தது. இரண்டு அறைகளுக்கும் ஒரே புகைவழி. அந்த அறையில் குழந்தைகள் உறங்கினார்கள். புகையாவது மணத்தால் தெரிந்துவிடும். இரவில் தணல் அடங்கும்போதும் வெளிப்படுகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரு புகைவழிக்கு ஓர் அடுப்பு என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. படுக்கையறைகளுக்கு அருகே எச்சரிக்கைக் கருவியும் வைக்கச் சொல்கிறேன்.

அடுப்பைப் புகைவழியோடு சேர்க்கும் இணைப்புக் குழாய் அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கி ஏற வேண்டும். மூட்டுகளின் ஒடுங்கிய முனை அடுப்பை நோக்கியிருந்தால் வழியும் தார் உள்ளேயே திரும்பிவிடும். ஒற்றைத் தகட்டாலான இணைப்புக் குழாய் மரப்பலகையிலிருந்து 18 அங்குலம் விலகியிருக்க வேண்டும். மரக்கூரை வேய்ந்த இவ்வூர் அறைகளில் இதற்கு இடம் கிடைப்பதே பாடு.

விறகையும் கேட்டுவிடுவேன். மழையில் நனைந்த சீகை மரத்தை வெட்டிய வாரமே எரிப்பவர் வீட்டில், எந்த உட்குழாயிலும் தார் சீக்கிரம் சேரும். பிளந்து, மழைபடாமல் ஓராண்டு காய்ந்த விறகானால் புகைவழியை ஆண்டுக்கு ஒருமுறை துடைத்தாலே பெரும்பாலும் போதும்.